புது ஸ்விஃப்ட் விலைக்குப் பழைய பிஎம்டபிள்யூ: வாங்கலாமா?

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

கார் பத்தி எப்போ எபிசோட் போட்டாலும் அதுக்கு அடுத்த வாரம் இன்பாக்ஸ்ல ஒரு கேள்வி மட்டும் தவறாம வந்துடுது. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி கேட்கிறாங்க, ஆனா விஷயம் ஒண்ணுதான். "ப்ரோ, புது ஸ்விஃப்ட் ஆன்-ரோடு 10 லட்சத்தைத் தொடுது. அதே காசுக்கு 2013 மாடல் பிஎம்டபிள்யூ 320டி இருக்கு. எதுக்கு ஸ்விஃப்ட் வாங்கணும்?"

நியாயமான கேள்விதான். நான் ஆறு வருஷமா ஒரு பழைய ஜெர்மன் டீசல் செடான் ஓட்டிட்டு இருக்கேன். மாசச் சம்பளக்காரன். அப்பாவோட சொத்தும் இல்ல, ஸ்டார்ட்அப் வித்த காசும் இல்ல. அதனால "வாங்கவே வாங்காதீங்க"ன்னு சொல்ல மாட்டேன். "தாராளமா வாங்குங்க"ன்னும் சொல்ல மாட்டேன். எந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துட்டு வாங்கணும்னு மட்டும் இன்னிக்குப் பேசலாம். உதாரணத்துக்கு நீங்க கேட்ட அதே 320டியையே எடுத்துக்குவோம். ஆடி ஏ4, மெர்சிடிஸ் சி கிளாஸ் பார்க்கிறவங்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

ஒரு வண்டிக்கு ரெண்டு விலை

இந்த 3 சீரிஸ், அதாவது எஃப்30ன்னு சொல்ற தலைமுறை, இந்தியாவுக்கு 2012ல வந்தது. 1995 சிசி டீசல் இன்ஜின், 184 குதிரைத்திறன், 8 கியர் ஆட்டோமேட்டிக். ஆன்-ரோடு போட்டா 35, 40 லட்சம்னு போன வண்டி. இன்னிக்கு 8லிருந்து 10 லட்சத்துக்குள்ள லிஸ்டிங் பார்க்கலாம்.

வண்டியோட விலை நாலுல ஒரு பங்கு ஆயிடுச்சு, சரி. அதோட ஹெட்லைட் விலை நாலுல ஒரு பங்கு ஆச்சா? இல்ல. டர்போ, இன்ஜெக்டர், ஏசி கம்ப்ரசர், எதுவும் இறங்கல. சொல்லப்போனா பத்து வருஷத்துல ஏறித்தான் இருக்கும். லிஸ்டிங்ல இருக்கிற விலை வண்டியை வாங்குற விலை. ஓட்டுற விலைன்னு இன்னொண்ணு இருக்கு. அது இன்னும் 40 லட்ச ரூபா வண்டியோட விலைதான்.

"நம்ம ஊர்லயே செய்றாங்களே, ஸ்பேர் சீப்பா கிடைக்காதா?"ன்னு சிலர் கேட்பாங்க. உண்மைதான், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில 2007ல இருந்து பிஎம்டபிள்யூ தொழிற்சாலை ஓடுது. இந்த 3 சீரிஸும் அங்க அசெம்பிள் ஆனதுதான். ஆனா பாகங்களைக் கொண்டுவந்து இங்க பூட்டுறது வேற, ஸ்பேர் பார்ட்ஸை மாருதி மாதிரி தெருவுக்குத் தெரு கிடைக்க வைக்கிறது வேற.

இதுல இருந்து முதல் விதி வருது. கையில 10 லட்சம் இருந்தா 7 லட்சத்துக்கு மேல வண்டி பார்க்காதீங்க. மீதி 3 லட்சம் உங்க காசு இல்ல, அந்த வண்டியோட காசு. வாங்குற அன்னிக்கே தனி அக்கவுண்ட்ல போட்டுடுங்க. அதுக்கு மேல மாசம் 10,000, 12,000 ரூபா ஆர்டி மாதிரி எடுத்து வைங்க. ஒரு வருஷம் 40,000 ரூபாயில முடிஞ்சிடும். அடுத்த வருஷம் ஒரே மாசத்துல 2 லட்சம் கேட்கும். இந்த வண்டிங்க செலவு வைக்கிற விதமே அப்படித்தான். சராசரி பார்த்தா சமாளிச்சிடலாம், ஆனா அந்த ஒரு மாசத்தைத் தாங்குற காசு கையில இருக்கணும்.

10 லட்சத்தையும் லோன் போட்டுத்தான் வாங்கணும்னா, இந்த எபிசோடை இங்கயே நிறுத்திடலாம். இஎம்ஐயும் ரிப்பேர் பில்லும் ஒரே மாசம் வந்தா ரெண்டுல ஒண்ணு நிக்கும். பெரும்பாலும் நிக்கிறது ரிப்பேர்தான். இந்த மாதிரி வண்டியில ரிப்பேரைத் தள்ளிப் போட்டா அது குட்டி போட ஆரம்பிச்சிடும்.

பார்க்கப் போகும்போது

வெளியில பளபளன்னு இருக்கும். ஏன்னா பாலிஷ் சீப். நீங்க பார்க்க வேண்டியது வேற.

வண்டி பார்க்கப் போறதுக்கு முன்னாடியே ஓனர்கிட்ட ஒரு விஷயம் சொல்லிடுங்க: "காலையில நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க." இன்ஜின் ஆறிப்போய் இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணாத்தான் உண்மை தெரியும். இந்த 320டியில 2015 வரைக்கும் வந்த இன்ஜினுக்குப் பேர் என்47. அதுல டைமிங் செயின் இன்ஜினோட பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கத்துல இருக்கு. செயின் தேஞ்சா கேபின் ஓரமா கரகரன்னு ஒரு சத்தம் வரும். செயின் விலை பெருசு இல்ல. ஆனா அதை மாத்தணும்னா கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கணும். அப்ப கூலி எங்க போகும்னு யோசிச்சுக்கங்க. 2011க்கு முன்னாடி வந்த இன்ஜின்கள்ல இந்தப் பிரச்சினை அதிகம், அப்புறம் குறைஞ்சது. இருந்தாலும் காது கொடுத்துக் கேளுங்க.

ரெண்டாவது, சர்வீஸ் ஹிஸ்டரி. ஓனர் காட்டுற புக்கை மட்டும் நம்ப வேண்டாம். சேசிஸ் நம்பரை வச்சு ஷோரூம் சர்வீஸ்ல விசாரிக்கச் சொல்லுங்க. மீட்டரைத் திருப்புறது நம்ம ஊர்ல குடிசைத்தொழில். ஆனா இந்த வண்டிகள்ல கிலோமீட்டர் கணக்கு டேஷ்போர்டுல மட்டும் இல்ல. உள்ள இருக்கிற வேற சில கம்ப்யூட்டர்கள்லயும் பதிவாகும், சாவியிலயே கூட பதிவாகும். எல்லா இடத்துலயும் ஒரே எண் இருக்கான்னு ஸ்கேனர் வச்சிருக்கிற ஆள் பார்த்துச் சொல்லிடுவார்.

மூணாவது, சென்னைக்காரங்க கட்டாயம் பார்க்க வேண்டியது: தண்ணி. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம், ரெண்டு தடவையும் எத்தனை கார் முங்குச்சுன்னு நமக்கே தெரியும். அதுல பாதி எங்க போச்சு? கழுவித் துடைச்சு மார்க்கெட்டுக்குத்தான் வந்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, அடியில சேத்துக் கோடு இருக்கான்னு. சீட்டுக்குக் கீழ இருக்கிற ரயில்ல துரு இருக்கா, பூட்ல மேட்டைத் தூக்கினா மண் இருக்கான்னு பாருங்க. இந்த கார்கள்ல கன்ட்ரோல் யூனிட்டுகள் பல இடத்துல தாழ்வா, கார்ப்பெட்டுக்கு அடியிலயும் பூட்லயும் இருக்கும். தண்ணி குடிச்ச வண்டி உடனே சாகாது. ரெண்டு வருஷம் கழிச்சு ஒவ்வொண்ணா காட்டும்.

டெல்லி வண்டின்னா இன்னொரு கணக்கும் இருக்கு. அங்க 10 வருஷம் தாண்டின டீசலுக்கு 2015ல பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. 2018ல சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிச்சு. அதனால அங்க இருந்து நிறைய டீசல் வண்டி மலிவா தெற்குப் பக்கம் இறங்குச்சு. லிஸ்டிங் விலையை மட்டும் பார்த்துட்டு லாபம்னு நினைக்காதீங்க. என்ஓசி, இங்க கட்ட வேண்டிய சாலை வரி, ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் அலைச்சல் எல்லாம் சேர்த்துப் பாருங்க. இன்னொண்ணு, தனியார் கார் ஆர்சி 15 வருஷத்துக்குத்தான். அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஃபிட்னஸ் காட்டிப் புதுப்பிக்கணும். 12 வருஷ வண்டி வாங்கினா அந்த நாள் ரொம்ப தூரத்துல இல்ல.

கடைசியா, வண்டியை லிஃப்ட்ல ஏத்திப் பார்க்க ஒரு மெக்கானிக்குக் காசு கொடுங்க. 3,000 கேட்டாலும் சரி, 5,000 கேட்டாலும் சரி. இந்த மொத்த வியாபாரத்துலயே நீங்க செலவு பண்ற உருப்படியான காசு அதுதான். லிஃப்ட்ல ஏத்த மாட்டேன்னு ஓனர் சொன்னா, "சரிண்ணே, நன்றி"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிடுங்க.

முதல் மூணு மாசம்

வண்டி வீட்டுக்கு வந்தாச்சு. எல்லாரும் முதல்ல பண்றது என்ன? சீட் கவர், ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன், ஒரு மகாபலிபுரம் ட்ரிப், ரீல்ஸ். அதெல்லாம் மெதுவா பண்ணிக்கலாம். அந்த 3 லட்சத்துல முதல் செலவு ஆயில்களுக்கு.

இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில். பழைய ஓனர் எப்ப மாத்தினார்னு ஆராய்ச்சி பண்ண வேண்டாம், மாத்திடுங்க. அந்தத் தேதியில இருந்து கணக்கு உங்களோடது. இன்ஜின் ஆயில்ல பிராண்டை விட முக்கியம் டப்பா பின்னாடி இருக்கிற ஸ்பெக். இந்த டீசலுக்கு பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04ன்னு போட்டிருக்கணும். டேஷ்போர்டு "இன்னும் சர்வீஸுக்கு நாள் இருக்கு"ன்னு காட்டும். புது வண்டிக்கு அது சரி. பழசுக்கு 10,000 கிலோமீட்டர் இல்லன்னா ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அப்ப மாத்திடுங்க.

அப்புறம் கியர்பாக்ஸ். "இது லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்"னு சொல்லுவாங்க. யாரோட லைஃப்? அதுதான் கேள்வி. அந்த கியர்பாக்ஸைச் செய்யுற இசட்எஃப் கம்பெனியே 80,000லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள, இல்லன்னா 8 வருஷத்துல மாத்தச் சொல்லுது. அதுல ஃபில்டர் தனியா வராது. அடியில இருக்கிற பிளாஸ்டிக் பேனோட சேர்ந்தே வரும், மொத்தமாத்தான் மாத்தணும். லெவல் பார்க்கும்போது ஸ்கேனர்ல ஆயில் சூடு எவ்வளவுன்னு பார்த்துத்தான் நிரப்பணும். "அதெல்லாம் பார்க்க வேண்டியதில்ல தம்பி, நான் கைக்கணக்குல ஊத்திடுவேன்"னு சொல்ற கடையில இந்த வேலையைக் கொடுக்காதீங்க.

மூணாவது, ரப்பரும் பிளாஸ்டிக்கும். ஜெர்மனி குளிருக்கும் நம்ம கத்திரி வெயிலுக்கும் சம்பந்தமே இல்ல. 12 வருஷம் இந்தச் சூட்டுல, டைடல் பார்க் சிக்னல் டிராஃபிக்ல நின்ன வண்டியில கூலன்ட் ஹோஸ், எக்ஸ்பான்ஷன் டேங்க், தெர்மோஸ்டாட் எல்லாம் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். இதுங்க விலை சில ஆயிரம். நடுரோட்டுல உடைஞ்சு இன்ஜின் சூடாகி ஹெட் வளைஞ்சா லட்சத்துல முடியும். அதனால உடையறதுக்கு முன்னாடியே மாத்திடுங்க. கூலன்ட் குறைஞ்சா போர் தண்ணியை ஊத்தாதீங்க. சரியான கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும்தான்.

சின்ன விஷயம்னு தோணுற ரெண்டு இருக்கு. ஒண்ணு பேட்டரி. புது பேட்டரி போட்டா ஸ்கேனர்ல ரெஜிஸ்டர் பண்ணணும். பண்ணலன்னா பழைய பேட்டரின்னு நினைச்சுக்கிட்டே வண்டி சார்ஜ் ஏத்தும், புதுசும் சீக்கிரம் போயிடும். இன்னொண்ணு டயர். ரன்-ஃபிளாட் டயர்ல காத்து போனாலும் சுமார் 80 கிலோமீட்டர் வேகத்துல 80 கிலோமீட்டர் தூரம் வரைக்கும் போகலாம், அதனால நிறைய மாடல்ல ஸ்டெப்னி வைக்க இடமே கொடுக்கல. விலையும் அதிகம், நம்ம பள்ளத்துல பக்கவாட்டுல கிழிஞ்சா வீண். நிறைய பேர் சாதா டயருக்கு மாறி, பூட்ல ஒரு இன்ஃப்ளேட்டரும் பஞ்சர் கிட்டும் வச்சுக்கிறாங்க. சவாரியும் மெத்துன்னு ஆகுது.

ஸ்பேர் வாங்குற கலை

லோகோவுக்கும் ஒரு விலை இருக்கு மக்களே. கார் கம்பெனி எல்லா பாகத்தையும் தானே செய்யுறதில்ல. ஃபில்டர் மான், மாலே. இன்ஜெக்டர் பாஷ். சஸ்பென்ஷன் ஆர்ம் லெம்ஃபோர்டர், ஷாக் சாக்ஸ். அதே தொழிற்சாலையில வர்ற அதே பாகம், கார் கம்பெனி டப்பாவுல வந்தா ஒரு விலை, செஞ்சவன் டப்பாவுல வந்தா ஒரு விலை. சில ஆர்ம்ல கார் கம்பெனி லோகோ இருந்த இடத்தைத் தேய்ச்சு எடுத்த தடம் கூட தெரியும்.

இதுக்கு நீங்க கத்துக்க வேண்டியது பார்ட் நம்பர். சேசிஸ் நம்பரோட கடைசி 7 எழுத்தை இணையத்துல இருக்கிற பார்ட்ஸ் கேட்டலாக்ல போட்டா, உங்க வண்டிக்கு எது பொருந்தும்னு 11 இலக்க நம்பரே வந்துடும். அந்த நம்பரோட கடைக்குப் போற ஆளுக்கும், "அண்ணே, பிஎம்டபிள்யூக்கு ஒரு சென்சார் வேணும்"னு போற ஆளுக்கும் கிடைக்கிற மரியாதையே வேற. விலையும் வேற.

புதுப்பேட்டையை மறந்துட முடியாது. கண்ணாடி, டோர் டிரிம், ஸ்விட்ச், பம்பர் கிரில் மாதிரி சாமானுக்கு அது சுரங்கம். நேர்ல போங்க, ரெண்டு மூணு கடை ஏறி இறங்குங்க, பில் கேளுங்க. ஆனா பிரேக், ஏர்பேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் பழசா வாங்காதீங்க. உயிர் விஷயத்துல சிக்கனம் வேண்டாம்.

அவசரத்துக்குத்தான் பில் அதிகம்

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். சின்ன பட்ஜெட்ல இந்த வண்டியை வச்சிருக்கிறவங்க எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு இருக்கும். வீட்ல இன்னொரு வண்டி. ஒரு ஆக்டிவா போதும். மெட்ரோ பாஸ் இருந்தாலும் சரி.

ஏன்னு பாருங்க. ஞாயித்துக்கிழமை டேஷ்போர்டுல மஞ்ச விளக்கு எரியுது, வண்டி இழுக்கல. திங்கள் காலையில ஆபீஸ் போக உங்களுக்கு இது ஒண்ணுதான் வழின்னா என்ன பண்ணுவீங்க? யார் முதல்ல சரி பண்ணித் தர்றேன்னு சொல்றாரோ அவர் சொல்ற விலைக்குத் தலையாட்டுவீங்க. ஸ்கேனர்ல "டர்போ பிரஷர் கம்மி"ன்னு வருது. அவசரத்துல இருக்கிற கடை டர்போவை மாத்திடலாம்னு சொல்லும். லட்சத்தை ஒட்டின பில். ரெண்டு நாள் பொறுத்து புகை விட்டு டெஸ்ட் பண்ணிப் பார்த்தா, டர்போவுல இருந்து வர்ற ஒரு ரப்பர் ஹோஸ் கிழிஞ்சிருக்கும். சில ஆயிரத்துல முடிஞ்சிடும்.

என் மெக்கானிக் அண்ணன் அடிக்கடி சொல்லுவார்: "தம்பி, ஸ்கேனர் வலி எங்கன்னுதான் சொல்லும். நோய் என்னன்னு நாமதான் பார்க்கணும்." அப்படிப் பார்க்க அவருக்கு நேரம் வேணும். அந்த நேரத்தை உங்களால கொடுக்க முடியணும். பார்ட் வெளியூர்ல இருந்து வர பத்து நாள் ஆகும்னா, "பரவாயில்லண்ணே, வரட்டும்"னு சொல்ல முடியணும். காசு நிறைய இருக்கிறவர் காசைக் கொடுத்து நேரத்தை மிச்சம் பண்ணுவார். நம்மகிட்ட காசு கம்மி, அதனால நேரத்தைக் கொடுத்துக் காசை மிச்சம் பண்றோம். அவ்வளவுதான் இதோட சூட்சுமம்.

அதனால வண்டிக்கு முன்னாடி மெக்கானிக்கைத் தேடுங்க. உங்க மாடலைத் தினமும் பார்க்கிற, சொந்த ஸ்கேனர் வச்சிருக்கிற, கழட்டின பழைய பாகத்தை உங்க கையில கொடுக்கிற ஒருத்தர். அவர்கிட்ட பேரம் பேசுறதைக் குறைச்சுக்கங்க. நாலு வருஷம் அவர் தேவை. நீங்களும் சில ஆயிரத்துக்கு ஒரு ஓபிடி அடாப்டர் வாங்கி வச்சுக்கங்க. விளக்கு எரிஞ்ச உடனே என்ன கோடுன்னு பார்த்துட்டு போன் பண்ணலாம்.

மழையும் இன்சூரன்ஸும்

பலருக்கும் தெரியாத ஒரு கணக்கு. உங்க வண்டியோட ஐடிவி 7 லட்சம்னு வைங்க. ரிப்பேர் செலவு ஐடிவியில 75 சதவீதத்தைத் தாண்டினா, அதாவது 5.25 லட்சத்தைத் தாண்டினா, இன்சூரன்ஸ்ல அது டோட்டல் லாஸ். புது வண்டிக்கு இந்த எல்லை ரொம்ப தூரத்துல இருக்கும். இந்த வண்டிக்கு? முன்னாடி ஒரு நடுத்தர இடி, ரெண்டு ஹெட்லைட், ரேடியேட்டர், பானெட், ரெண்டு ஏர்பேக் போச்சுன்னா ஷோரூம் எஸ்டிமேட்லயே எல்லை வந்துடும். நல்லா ஓடிட்டு இருந்த வண்டி காகிதத்துல செத்துப் போகும். நான் முதல்ல சொன்ன ரெண்டு விலை இங்க வந்து முட்டுது. அதனால ஐடிவியை ரொம்பக் குறைச்சு பிரீமியத்தை மிச்சம் பிடிக்காதீங்க.

ஜீரோ டெப்ரிசியேஷன், இன்ஜின் புரொடெக்ட் மாதிரி கூடுதல் கவர் எல்லாம் வண்டிக்கு வயசானா பெரும்பாலும் கிடைக்காது. அப்ப மழைத் தண்ணி இன்ஜினுக்குள்ள போனா மொத்தமும் உங்க தலையில. வேளச்சேரிக்காரங்க ரெட் அலர்ட் வந்ததும் மேம்பாலத்துல காரை நிறுத்தினதைப் பார்த்து ஊரே சிரிச்சது. என்னைக் கேட்டா அவங்கதான் புத்திசாலிங்க. ஒருவேளை வண்டி தண்ணியில நின்னுட்டா ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே பார்க்காதீங்க, டோ பண்ணுங்க.

யாருக்கு வேண்டாம், யாருக்கு வேணும்

தினமும் 60 கிலோமீட்டர் ஆபீஸ் போக ஒரே வண்டி வேணும்னா, வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு கெத்து வேணும், சொந்தக்காரங்க பார்க்கணும்னா, ரொம்பவே வேண்டாம். அவங்க ஒரு நாள் பார்ப்பாங்க, பில் மாசாமாசம் வரும். பயந்து பயந்து ஷெட்ல நிறுத்தி வைக்கிறவங்களுக்கும் வேண்டாம். நிறுத்தி வச்சாலும் பேட்டரி சாகும். டிபிஎஃப் இருக்கிற டீசலா இருந்தா சேர்ந்த கரி எரிய நல்ல ஓட்டம் வேணும். வாரம் ஒரு தடவையாவது ஈசிஆர்லயோ ஜிஎஸ்டி ரோட்டுலயோ அரைமணி நேரம் ஓட்டணும்.

அப்ப யாருக்கு வேணும்? ஓட்டுறதுல ருசி இருக்கிறவங்களுக்கு. திண்டிவனம் தாண்டினதும் அந்த ஸ்டியரிங் கையில நிக்கிற விதம், ஓவர்டேக் பண்ணும்போது அந்த 8 கியர் மாறுறதே தெரியாம இழுக்கிற இழுப்பு, இதெல்லாம் 12 வருஷத்துல மங்கல. ஒரு காலத்துல நாம கண்ணாடி வழியா எட்டிப் பார்த்த வண்டி. அம்மா அப்பாவைப் பின்னாடி உட்கார வச்சு ஊருக்குக் கூட்டிட்டுப் போனா, வழியெல்லாம் தூங்கிட்டே வருவாங்க. அந்தத் தூக்கத்துக்கு நான் மாசம் 12,000 எடுத்து வைக்கிறேன். எனக்குக் கட்டுபடியாகுது. உங்களுக்குக் கட்டுபடியாகுமான்னு உங்க பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து நீங்கதான் சொல்லணும்.

உங்ககிட்ட 10 வருஷம் தாண்டின வண்டி இருந்தா, போன வருஷம் மொத்தம் எவ்வளவு செலவு ஆச்சு, அதுல எது தவிர்க்கக்கூடிய செலவுன்னு ஒரு நிமிஷ வாய்ஸ் நோட் அனுப்புங்க. கம்பெனி பேர், கடை பேர் எல்லாம் வேண்டாம், கணக்கு மட்டும் போதும். நல்ல கணக்குகளை அடுத்த எபிசோட்ல எல்லாரும் கேட்கிற மாதிரி போடுறோம். அதுவரைக்கும் டயர்ல காத்து செக் பண்ணுங்க, சீட் பெல்ட் போடுங்க.